யூதராக மதம் மாறியபின் இஸ்ரேல் குடியுரிமையும் மத அந்தஸ்தும்: எதை முதலில் செய்வது?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரே மதமாற்றச் சான்றிதழோடு இஸ்ரேலில் இரண்டு அலுவலகங்களின் படியேறினார். குடிமக்கள் பதிவேட்டை வைத்திருக்கும் உள்துறை, தாளைப் பார்த்துவிட்டு அவரை யூதர் என்று பதிந்து அடையாள அட்டை கொடுத்தது. சில மாதம் கழித்துத் திருமணப் பதிவுக்குப் போனபோது, அதே தாளைப் பார்த்த ரப்பினேட், அதாவது அரசு அங்கீகரித்த யூத மதத் தலைமை அமைப்பு, அவர் யூதர் இல்லை என்றது. இரண்டு அதிகாரிகளில் ஒருவரும் தவறு செய்யவில்லை. தவறு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தது: எந்த அலுவலகத்துக்காக இந்தத் தாள் என்று யோசிக்காமல், வீட்டுக்கு அருகில் இருந்த சமூகத்தில் அவர் சேர்ந்துவிட்டார்.

நான் இந்தப் பாதையில் ஒரு முறை நடந்தவன். பிறகு சில நண்பர்களின் கோப்புகளை அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். மதம் மாறுவது நல்லதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. முடிவு எடுத்துவிட்டவர், அல்லது எடுக்கும் தருவாயில் இருப்பவர், எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே இங்கே பேச்சு.

1. எந்த அலுவலகத்துக்கான தாள் என்பதை முடிவு செய்யுங்கள்

குடியுரிமைக்கு அடிப்படை, 1950-ஆம் ஆண்டின் நாடு திரும்பும் உரிமைச் சட்டம். 1970-இல் செய்த திருத்தம் யூதர் யார் என்று வரையறுக்கிறது: யூதத் தாய்க்குப் பிறந்தவர், அல்லது யூத மதத்துக்கு மாறியவர், வேறு மதத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். "மாறியவர்" என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. யார் முன்னிலையில், எந்தப் பிரிவின் முறைப்படி என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை உச்ச நீதிமன்றம் வழக்கு வழக்காக நிரப்பி வந்திருக்கிறது. அதன் விளைவாக, வெளிநாட்டில் ஆர்த்தடாக்ஸ் (கண்டிப்பான மரபு), கன்சர்வேடிவ் (நடுவழி), ரிஃபார்ம் (தாராளப் போக்கு) ஆகிய எந்தப் பிரிவில் மாறினாலும் குடியுரிமைக்குச் செல்லும். இஸ்ரேலுக்குள்ளேயே நடக்கும் கன்சர்வேடிவ், ரிஃபார்ம் மதமாற்றங்களும் 2021 மார்ச் 1 அன்று வந்த தீர்ப்புக்குப் பிறகு செல்லும்.

திருமணத்தின் கதை வேறு. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் யூதர்களின் திருமணத்தையும் விவாகரத்தையும் ரப்பிக்கள் எனப்படும் யூத மதகுருக்களின் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்துவிட்டது. அவை ஹலாகா எனப்படும் மதச் சட்டத்தின்படி நடப்பவை. ஆர்த்தடாக்ஸ் மதமாற்றத்தை மட்டுமே ஏற்பவை. இஸ்ரேலுக்குள் பதிவுத் திருமணம் என்று ஒன்று கிடையாது. ஆகவே குடியுரிமை பெற்ற பிறகும், நாட்டுக்குள் முறைப்படி திருமணம் செய்துகொள்ள வழியில்லாமல் ஒருவர் நிற்க முடியும்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், இதைப் பின்னால் திருத்துவது கடினம். ரிஃபார்ம் முறையில் மாறிவிட்டு ரப்பினேட்டையும் திருப்திப்படுத்த வேண்டுமென்றால், எல்லாவற்றையும் மீண்டும் முதலில் இருந்து ஆர்த்தடாக்ஸ் முறையில் செய்ய வேண்டும். அதே சமயம், அறுபது வயதில், திருமணமான துணையோடு, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட நிலையில் போகிறவருக்கு ரப்பினேட்டின் முத்திரை எதற்கு? தன் நம்பிக்கைக்கு ஒத்து வராத ஆர்த்தடாக்ஸ் பாதையில் பொய்யாக நடப்பதை விட, தனக்குப் பொருந்தும் சமூகத்தில் நேர்மையாக மாறுவதே அவருக்கு நல்லது. இளம் பெண்கள் மட்டும் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். மத அந்தஸ்து தாய் வழியில் போவதால், இன்று உங்கள் கையில் இருக்கும் தாள் நாளை உங்கள் மகளின் திருமணக் கோப்பில் இருக்கும்.

2. மதமாற்றம் உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக வகுப்பில் போய் உட்காருகிறார்கள். நாடு திரும்பும் உரிமை யூதருக்கு மட்டும் உரியதன்று. யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, யூதரின் துணை, பிள்ளையின் துணை, பேரப்பிள்ளையின் துணை ஆகியோருக்கும் உண்டு. அதாவது தாத்தா ஒருவர் யூதர் என்று ஆவணத்தால் காட்ட முடிந்தால், மதம் மாறாமலே குடியேறலாம். முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்த பல்லாயிரக்கணக்கானோர் இப்படித்தான் வந்தார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு "மதமற்றவர்" என்ற குறிப்பு விழும். குடியுரிமை இருக்கும், ரப்பினேட் திருமணம் இருக்காது. அவர்களுக்கு மதமாற்றம் தேவைப்படுவது குடியுரிமைக்காக அல்ல, திருமணத்துக்காக.

துணை என்ற சொல்லில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து குடியேறும் யூதரோடு சேர்ந்து வரும் கணவனோ மனைவியோ இந்தச் சட்டத்தின் கீழ் வருவார். ஏற்கெனவே இஸ்ரேல் குடிமகனாக இருப்பவரை மணந்த வெளிநாட்டவர் வரமாட்டார். 1999-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்படி மணந்தவருக்குப் படிப்படியான தனி நடைமுறை இருக்கிறது. உறவு உண்மையானதா என்று ஆண்டுதோறும் சோதித்து, திருமணமானவர்களுக்குச் சுமார் நான்கரை ஆண்டில் முடியும். நீண்ட பாதைதான். ஆனால் இந்த வரிசையைத் தாண்டுவதற்காக மதம் மாறுகிறேன் என்று ரப்பியிடம் போனால் கதவு அடைபடும். மதச் சட்டம் கேட்கும் முதல் நிபந்தனையே வேறு ஆதாயம் கருதாமல் வர வேண்டும் என்பதுதான்.

3. எங்கே நிற்கிறீர்கள், எந்த விசாவில் நிற்கிறீர்கள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணா, இங்கேயே மதம் மாறிவிட்டால் விசாப் பிரச்சினை முடிந்துவிடுமா?" முடியாது. அரசின் மதமாற்ற அமைப்பு குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களுக்கும்தான் கதவு திறக்கும். மற்றவர்கள் விதிவிலக்குக் குழு என்ற ஒன்றிடம் முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். வேலை விசாவில் இருப்பவரின் மனு அங்கே ஏற்கப்படுவது அரிது. விசா காலாவதியான பிறகு மனுச் செய்வது, தன் முகவரியைத் தானே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

அரசு அமைப்புக்கு வெளியே, நாட்டுக்குள் இயங்கும் தனியார் ஆர்த்தடாக்ஸ் நீதிமன்றங்களில் மாறியவர்களுக்கு 2016-இலும், ரிஃபார்ம், கன்சர்வேடிவ் முறையில் மாறியவர்களுக்கு 2021-இலும் கிடைத்த தீர்ப்புகளைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அந்த வழக்குகளைத் தொடுத்தவர்கள் இஸ்ரேலில் சட்டபூர்வமாக வசித்தவர்கள் என்ற வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை, வெளிநாட்டில் இருக்கும்போதே, நீங்கள் உண்மையில் வாழும் ஊரில் தொடங்குங்கள். நிரந்தர வேலையோ படிப்போ உள்ள ஊர், நடந்துபோகும் தூரத்தில் தொழுகைக்கூடம் உள்ள ஊர். ஆர்த்தடாக்ஸ் பாதையில் இந்தத் தூரம் அலங்காரப் பேச்சு அல்ல. ஓய்வுநாளில் வாகனம் ஏறக்கூடாது என்பதால், கூடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி வாடகை ஒப்பந்தம் போட்டவரை மதமாற்றம் செய்யும் மத நீதிமன்றம் வீடு மாற்றிக்கொண்டு வரச் சொல்லும்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை முடிக்க முடியுமா? எனக்குத் தெரிந்து முடியாது. சமூகம் என்று உள்துறை கேட்பது நிலைபெற்ற, இயங்குகிற, நிர்வாகம் உள்ள ஒரு யூத சமூகத்தை. சென்னையில் காட்டுவதற்கு ஒரு பழைய யூதக் கல்லறைதான் இருக்கிறது. மிசோரம், மணிப்பூரின் ப்னேய் மெனாஷே மக்களை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களும் உண்டு. 2005-இல் இஸ்ரேலின் இரு தலைமை ரப்பிகளில் செபார்டி மரபைச் சேர்ந்தவரான ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரவேலின் வழித்தோன்றல்கள் என்று ஏற்றார். ஆயினும் முறையான மதமாற்றம் வேண்டும் என்றே சொன்னார். ரப்பிக்கள் இந்தியாவுக்கு வந்து அதைச் செய்யத் தொடங்கியதும் இந்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது, வேலை நின்றது. அதன்பின் வந்தவர்கள் இஸ்ரேல் அரசின் தனி முடிவுகளின் பேரில் வந்திறங்கி, அங்கே மாறினார்கள். ஒரு குழுவுக்காக அமைச்சரவை எடுத்த முடிவில் தனி ஆள் ஒருவர் ஏறிக்கொள்ள முடியாது.

4. பெத் தின்னைத் தேர்ந்தெடுங்கள், ரப்பியை அல்ல

பெத் தின் என்பது மூவர் அமரும் மத நீதிமன்றம். புதிதாக வருபவர்கள் அன்பாகப் பேசும் ரப்பி ஒருவரைக் கண்டதும் அவரிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். அன்பு நல்லதுதான், ஆனால் பின்னாளில் கோப்பைத் திறக்கும் அதிகாரி பார்ப்பது கீழே உள்ள மூன்று கையெழுத்துகளையும் நீதிமன்றத்தின் பெயரையும்தான்.

ரப்பினேட் வாசலும் வேண்டும் என்று முடிவு செய்தவர், வகுப்புக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த நீதிமன்றத்துக்கு எழுத்தில் இரண்டு கேள்விகள் அனுப்ப வேண்டும். உங்கள் மதமாற்றத்தை இஸ்ரேலின் தலைமை ரப்பினேட் ஏற்கிறதா? அண்மையில் உங்களிடம் மாறியவர் யாராவது இஸ்ரேலில் திருமணப் பதிவு செய்திருக்கிறாரா? ரப்பினேட் தான் ஏற்கும் வெளிநாட்டு நீதிமன்றங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. "நாங்களும் ஆர்த்தடாக்ஸ்தான்" என்ற பதில் போதாது. 2016-இல், நியூயார்க்கில் பெயர்பெற்ற ஓர் ஆர்த்தடாக்ஸ் ரப்பி செய்துவைத்த மதமாற்றத்தையே இஸ்ரேலின் பெட்டா திக்வா நகர ரப்பிக்கள் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பெரிய பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றல்ல.

குடியுரிமை மட்டும் போதும் என்பவருக்குக் கேள்வி மாறுகிறது. இந்தச் சமூகம் உலக யூத அமைப்புகளில் எதைச் சேர்ந்தது? எத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது? இங்கே மாறியவர் யாராவது அலியா, அதாவது குடியேற்றம், செய்திருக்கிறாரா? எந்த அமைப்பிலும் சேராத, இணையத்தில் மட்டும் இயங்குகிற "ரப்பி"களிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். ஆறு வாரத்தில் சான்றிதழ் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பாடத்தை வீடியோவில் கேட்கலாம், மதமாற்றச் சடங்குக்கு நீரில் முழுகுவதை வீடியோவில் செய்ய முடியாது.

திருமணமானவர்களுக்கு ஒரு குறிப்பு. துணை யூதர் அல்லாதவராக இருந்து, அவர் மாற விரும்பாவிட்டால், ஆர்த்தடாக்ஸ் நீதிமன்றம் ஒருவரை மட்டும் மாற்றுவதில்லை. இதை வகுப்பின் கடைசி மாதத்தில் தெரிந்துகொண்டு அழுதவரைப் பார்த்திருக்கிறேன்.

5. முதல் நாளிலிருந்தே குறிப்பேடு

இந்தப் படியை யாரும் சொல்லித்தருவதில்லை; எல்லோரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

உள்துறை சான்றிதழை மட்டும் பார்ப்பதில்லை. எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம், யாரிடம், சமூகத்தில் என்ன செய்தீர்கள், மாறிய பின் அங்கேயே இருந்தீர்களா என்றெல்லாம் கேட்கும். மாறிய பிறகு ஏறத்தாழ ஒன்பது மாதம் அதே சமூகத்தில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்பது கோப்பு பார்ப்பவர்கள் எதிர்பார்க்கும் கணக்கு. சடங்கு முடிந்த மறுவாரமே விமான டிக்கெட் எடுப்பவர்மீது சந்தேகம் விழுவது இதனால்தான். குடியுரிமைக்காகவே மாறினாரா என்பதுதான் அதிகாரியின் உள்மனக் கேள்வி; அதற்குப் பதில் சொல்வது காலம் ஒன்றுதான்.

நான் வைத்திருந்தது நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. இடது ஓரத்தில் தேதி, நடுவில் என்ன பாடம், வலது ஓரத்தில் எத்தனை மணி நேரம், மாதக் கடைசியில் ஆசிரியரின் கையெழுத்து. கையெழுத்து கேட்கும்போது ஆசிரியர் முதலில் சிரித்தார். இரண்டு ஆண்டு கழித்துக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, மாதங்களும் மணிகளும் அவருக்கு நினைவில்லை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதினார். தேதி இல்லாத பாராட்டுக் கடிதம் பத்து இருந்தாலும் தேதி உள்ள ஒரு கடிதத்துக்கு ஈடாகாது.

சமூக உறுப்பினர் ரசீது, பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பதிவு செய்த மின்னஞ்சல், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஓய்வுநாளில் படம் எடுக்கக் கூடாது என்பதால் புகைப்படச் சான்று குறைவாகவே இருக்கும். அதை ரப்பியின் கடிதம் ஈடுகட்ட வேண்டும்.

6. சடங்கு நாளும், அன்று கையில் வரும் தாளும்

நீதிமன்றத்தின் முன் மதக் கட்டளைகளை ஏற்பது, ஆண்களுக்கு விருத்தசேதனம், மிக்வே எனும் நீர்த்தொட்டியில் முழுகுதல் ஆகிய மூன்றும் நடக்க வேண்டும். மருத்துவமனையில் முன்பே விருத்தசேதனம் செய்துகொண்ட ஆணுக்கும் ஒரு துளி இரத்தம் எடுக்கும் சடங்கு உண்டு. விருத்தசேதனத்துக்குப் பிறகு புண் ஆறும்வரை முழுக்கு இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே வாரத்தில் திட்டமிடாதீர்கள்.

முழுகும்போது உடலுக்கும் நீருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். அரைஞாண் கயிற்றை அறுப்பது சில நொடி வேலை. பல ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தியின் திருகு மிக்வே வாசலில் சுற்றாது. மெட்டி வீங்கிய விரலில் இறுகி நிற்கும். ஒரு வாரம் முன்பே நகைக் கடையில் கொடுத்துக் கழற்றிக்கொண்டு போங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வாழ்த்துக்குக் கை நீட்டும் முன் அதைப் படியுங்கள். பெரும்பாலான சான்றிதழ்களில் புதிய எபிரேயப் பெயர் இருக்கும். அதன்பின் ஆபிரகாமின் மகன் அல்லது மகள் என்று வரும். உங்கள் கடவுச்சீட்டில் இருக்கும் பெயர் எங்கே? நான் கோட்டை விட்டது இங்கேதான். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து என் பெயரோடு ஒட்டியிருந்தது. சான்றிதழிலோ பள்ளிக்கூடத்தில் இருந்தது போல ஓர் எழுத்து முன்னெழுத்தும் என் பெயரும். இருவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஐந்து மாதம் போயிற்று, பிழை முழுக்க என்னுடையது. கடவுச்சீட்டில் உள்ளது உள்ளபடியே பெயரும் எண்ணும் சான்றிதழிலோ, இணைப்புக் கடிதத்திலோ இருக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

உடன் மாறும் குழந்தைகளுக்குத் தனித்தனிச் சான்றிதழ் கேளுங்கள். தாய் மாறிய பிறகு பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே யூதர். முன்பே பிறந்த குழந்தைக்கு மத அந்தஸ்து தானாக வராது, அது தனியே மாற வேண்டும்.

7. கோப்பை அடுக்கும் வரிசை

தேவைப்படுபவை: பிறப்புச் சான்றிதழ், திருமணம் அல்லது விவாகரத்துச் சான்றிதழ், மதமாற்றச் சான்றிதழ், பெத் தின்னின் கடிதம், சமூக ரப்பியின் கடிதம், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, கடவுச்சீட்டு நகல், நீங்களே எழுதும் தன்வரலாற்றுக் கடிதம்.

இந்திய ஆவணங்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று முத்திரை, வேண்டும். முதலில் மாநில அளவில் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. எபிரேய மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகு. முதலில் மொழிபெயர்த்துவிட்டு முத்திரை வாங்கியவர், முத்திரையையும் சேர்த்து மொழிபெயர்க்க மறுபடியும் பணம் கட்டுவார். நன்னடத்தைச் சான்று சீக்கிரம் பழையதாகிவிடும் என்பதால் அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுங்கள்.

தன்வரலாற்றுக் கடிதத்தில் காவியம் எழுதாதீர்கள். எப்போது முதலில் தொழுகைக்கூடத்துக்குப் போனீர்கள், ஏன் நிலைத்தீர்கள், வீட்டில் என்ன மாறியது, இரண்டு பக்கம் போதும். முந்தைய மதத்தை மறைக்க வேண்டாம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் மதம் அச்சிட்டே இருக்கிறது. ஆனால் அதை இப்போது கடைப்பிடிக்கவில்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். "வேறு மதத்தைச் சேராதவர்" என்ற சொற்களைச் சட்டம் சும்மா வைத்திருக்கவில்லை. இயேசுவை மேசியாவாக ஏற்கும் யூதர்களுக்கு இந்த உரிமை இல்லை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. தேவாலயத்தில் மணமுடித்தவர், ஞானஸ்நானம் பெற்றவர் ஆகியோரிடம் இதுபற்றிக் கேள்வி வரும். ஆயத்தமாகப் போங்கள்.

8. நேர்காணல், வருகை, கடவுச்சீட்டு

வெளிநாட்டில் இருப்பவர், யூதர்களின் குடியேற்றத்தை ஏற்பாடு செய்யும் யூத ஏஜென்சி வழியாகக் கோப்பைத் தொடங்குகிறார். மதம் மாறியவரின் கோப்பு உள்துறையின் பார்வைக்கும் போகும் என்பதால் மற்றவர்களை விட நேரம் பிடிக்கும். வேலையை விடுவதும் வீட்டைக் காலி செய்வதும் எழுத்துபூர்வ ஒப்புதலுக்குப் பின்புதான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பி, மாதக்கணக்கில் வேலை செய்ய உரிமையின்றிச் சேமிப்பைக் கரைத்தவர்கள் உண்டு.

இனி இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது. இந்தச் சட்டத்தின்கீழ் குடியேறுபவருக்கு இஸ்ரேல் குடியுரிமை தானாகவே வந்துவிடுகிறது. இஸ்ரேல் பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. ஆனால் இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்று, பிறகு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையை இப்போதைக்கு விட மனமில்லாதவருக்கு, உரிமை உள்ளவர்களுக்கென்றே ஒரு தற்காலிகக் குடியிருப்பு விசா இருக்கிறது. அதன் பெயர் ஏ-1. இதை வந்திறங்கும் முன்பே கேட்க வேண்டும்.

மதமாற்றம் இந்தியாவில் என்ன செய்யும் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பட்டியல் சாதி அந்தஸ்து 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. யூதராக மாறியவருக்கு அது இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் துணையின் மதமாற்றம் விவாகரத்துக்கு ஒரு காரணம். ஊரில் அரசு வேலையோ, நிலுவையில் குடும்ப வழக்கோ இருந்தால் இவற்றை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

9. திருமணப் பதிவும் அதற்குப் பின்னும்

குடியுரிமை கிடைத்துவிட்டது, ஆர்த்தடாக்ஸ் சான்றிதழும் இருக்கிறது என்றால், திருமணத்துக்கு நாள் குறிக்கும் முன் சான்றிதழை ரப்பினேட்டின் சரிபார்ப்புக்கு அனுப்புங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுச் சரிபார்ப்புக்குப் போகும் வழக்கம் நம் ஊரில் மட்டுமன்று, இங்கும் இருக்கிறது.

மதம் மாறிய பெண்கள் காதலிக்கத் தொடங்கும்போதே கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: அவர் கோஹனா? கோஹன் எனப்படும் ஆலயக் குருமார் வம்சத்து ஆண், மதம் மாறிய பெண்ணை மணப்பதை ஹலாகா தடுக்கிறது. எவ்வளவு கண்டிப்பான நீதிமன்றத்தில் மாறியிருந்தாலும் இதற்கு விலக்கில்லை. கோஹன், கோகன், காட்ஸ், கஹானா என்ற குடும்பப் பெயர்கள் ஓர் அறிகுறி. பெயர் அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்பதால் கேட்டுவிடுவதே வழி.

ரப்பினேட் மறுத்தால் என்ன செய்வது? வெளிநாட்டில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தால் உள்துறை பதிவேட்டில் ஏற்றும். 1963-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து இது நடைமுறை. சைப்ரஸுக்குப் போகும் ஜோடிகள் ஏராளம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வீடியோ வழியாகச் செய்யும் பதிவுத் திருமணத்தையும் ஏற்ற வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவர் துணையாக வாழ்வதைப் பதிவு செய்ய 2010-இல் வந்த இணை ஒப்பந்தச் சட்டத்தை நம்பி வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இருவருமே மதமற்றவர் என்று பதிவாகியிருந்தால்தான் அது பொருந்தும். நீங்கள் யூதர் என்று பதிவாகிவிட்டால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஒரு பயம். மதமாற்றம் பின்னாளில் ரத்தாகுமா? 2008-இல் ரப்பிக்களின் மேல் நீதிமன்றம், அரசு அமைப்பிலேயே நடந்த மதமாற்றங்களின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்கியது. விவாகரத்துக்குப் போன ஒரு பெண்ணின் வழக்கில், அவர் கட்டளைகளைக் கடைப்பிடிக்கவில்லை என்ற விசாரணையில் தொடங்கியது அது. பிறகு அந்தப் போக்கை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆனாலும் பெத் தின் கலைந்து, ரப்பிகள் காலமான பிறகும் உங்கள் கையில் சான்று இருக்க வேண்டும். மூலச் சான்றிதழ், நீதிமன்றப் பதிவேட்டு எண், மூவரின் பெயர் ஆகியவற்றை நகலெடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள்.

மூலச் சான்றிதழை மட்டும் லாமினேட் செய்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பாதுகாக்கும் பழக்கத்தில் நம்மவர் ஒருவர் அதைச் செய்துவிட்டு என்னிடம் வந்தார். பிளாஸ்டிக்கின்மேல் முத்திரை குத்த முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றத்துக்கு மறுபடி எழுதி இரண்டாம் பிரதி வாங்க அவருக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று.